வெள்ளைச் சாலைகளும் பழங்கிராமங்களும்

சாலை அமைப்பது கிராம அபிவிருத்தியின் முதற்படி என்பதை எவரும் மறுப்பதில்லை. மண் பாதையைக் கப்பிச் சாலையாக்குவதும், கப்பிச் சாலைக்குத் தார் பூசுவதும் முன்னேற்றத்தின் அறிகுறிகள் என்றே நாம் கொண்டிருக்கின்றோம். அவ்வாறு கொள்வதில் தவறுமில்லை. ஆயினும், இத்தாலி நாட்டின் மலைப்புறம் ஒன்றில், ‘எங்கள் சாலைகளுக்குத் தார் வேண்டா, அவை இருந்தபடியே இருக்கட்டும்’ என்று வாதாடியவர்கள் உண்டு. வாதாடியதோடு நில்லாமல், அச்சாலைகளைக் காப்பதற்கென்றே அவர்கள் ஒரு சைக்கிள் பயணத்தையும் ஏற்படுத்தினர். இன்று அக்குன்றுகளின் கப்பிச் சாலைகளில் மிதி வண்டி ஓட்டுவதற்காகப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் திரண்டு வருகின்றனர். இது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனால் அங்குள்ள கிராமங்கள் அடைந்தவை யாவை, இழந்தவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

டஸ்கனி என்பது மத்திய இத்தாலியில் மத்தியதரைக் கடலை ஒட்டிய ஒரு மாநிலம். அதன் தலைநகர் பிளாரென்ஸ். அந்நகருக்குத் தெற்கே சியேனா என்னும் பழைய நகர் இருக்கின்றது. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட குன்றுத் தொகுதிக்குக் கியாந்தி என்று பெயர். மலை என்று சொன்னாலும் வானளாவிய சிகரங்கள் இங்கே இல்லை. ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரமுள்ள குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல் எழுகின்றன. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அவற்றிடையே ஒலிவ மரங்கள். மேட்டு நிலங்களில் ஓக்கு மரக் காடுகள். சியேனாவுக்குத் தென்கிழக்கே சென்றால் நிலத்தின் தோற்றம் முற்றிலும் மாறிவிடுகின்றது. காடும் தோட்டமும் மறைந்து, சாம்பல் நிறக் களிமண் மேடுகள் மொட்டையாக விரிகின்றன. இப்பகுதியைச் சியேனாக் களிமண் நாடு என்று அங்குள்ளோர் அழைக்கின்றனர். வசந்த காலத்தில் கோதுமைப் பயிரால் பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்கும் இந்நிலம், அறுவடைக்குப் பின் பாலைவனம்போல் காட்சியளிக்கும்.

இவ்விரு பகுதிகளிலும் குன்றின் முதுகுகளை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் சிறு சாலைகள் பல உள்ளன. தார் இல்லாத இச்சாலைகளை இத்தாலிய மொழியில் ‘ஸ்திராதே பியாங்கே’ என்பர். வெள்ளைச் சாலைகள் என்பது அதன் பொருள். அப்பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பியமையால் அவை வெண்ணிறமாக இருக்கின்றன. வெயிற் காலத்தில் ஒரு வண்டி சென்றால், அது குன்றின் மறுபக்கம் மறைந்த பின்னரும் வெண்புழுதி ஒரு திரைபோல் அந்தரத்தில் நிற்கும்.

சாலைகள் பிறந்த கதை

இத்துணைச் சாலைகள் இச்சிறு குன்றுகளில் ஏன் தோன்றின என்று கேட்டால், அதற்கு விடை பொறியியலில் இல்லை. நில உடைமை முறையில் இருக்கின்றது.

டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நிலவிய சாகுபடி முறைக்கு ‘மெட்ஸாட்ரியா’ என்று பெயர். நம் வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால் அது வாரச் சாகுபடிதான். நிலமும் வீடும் உடைமையாளருக்கு உரியவை; உழைப்புக் குடியானவர் குடும்பத்துக்கு உரியது; விளைச்சலில் ஆளுக்குப் பாதி. ஆனால் அங்கே குடியானவர் ஊருக்குள் கூடி வாழ்ந்தாரல்லர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரித்துவிடப்பட்ட நிலத்தின் நடுவிலேயே ஒரு கல் வீடு இருந்தது. கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்கள் என்று, தாத்தா முதல் பேரன் வரை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். ஒரு பண்ணைக்கு இத்தகைய வீடுகள் பல இருக்கும்.

வீடுகள் சிதறியிருந்தமையால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாதை தேவையாயிற்று. உடைமையாளரின் பங்காகிய தானியம், ஒலிவ எண்ணெய், திராட்சை மது ஆகியவை பண்ணையின் களஞ்சியத்துக்கு வந்து சேர வேண்டும். அவற்றை இழுத்து வந்தவை ‘கியானீனா’ என்னும் வெண்ணிறப் பெரு மாடுகள். இப்பாதைகளின் ஏற்றமும் வளைவும் மாட்டு வண்டியின் கணக்குக்கு அமைந்தவை. அடிவாரத்துக் களிமண் மழைக்காலத்தில் வண்டியின் அச்சு வரை விழுங்கிவிடும். சரிவுகளோ அடிக்கடி சரிந்துவிடும். ஆகவேதான் பாதைகள் குன்றின் முகட்டை ஒட்டிச் சென்றன. இன்று அவ்வழியே செல்லும் பயணிகள் இருமருங்கும் தோன்றும் இயற்கைக் காட்சியை வியந்து நிற்கின்றனர். அக்காட்சிக்குக் காரணம், சேற்றில் மாட்டிக்கொள்ளாமல் வண்டி ஓட்ட வேண்டும் என்ற குடியானவரின் கவலையே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஏற்பாடு குலைந்தது. பிளாரென்சிலும் பிற ஊர்களிலும் தொழிற்சாலைகள் பெருகின. பாதி விளைச்சலுக்காக மலையில் பாடுபடுவதைவிட மாதச் சம்பளம் மேல் என்று இளைஞர்கள் கருதியதில் வியப்பில்லை. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாக்கிய கடுங்குளிரில் ஒலிவ மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. ஊரைவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற பல குடும்பங்களின் தயக்கத்தை அக்குளிர் தீர்த்து வைத்தது. 1964-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்து, நடப்பிலுள்ள ஒப்பந்தங்களில் குடியானவரின் பங்கை நூற்றுக்கு 58 ஆக உயர்த்தியது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. நீதி வந்தது, ஆனால் அது வந்தபோது பெறுவதற்கு ஆட்கள் பெரும்பாலும் இல்லை. வீடுகளின் கூரை இடிந்தது. வாசலில் முள் மண்டியது. களிமண் நாட்டில் கைவிடப்பட்ட நிலங்கள் பலவற்றை, சார்டீனியாத் தீவிலிருந்து ஆட்டு மந்தைகளோடு வந்த இடையர்கள் வாங்கிக் குடியேறினர். பியென்சா என்னும் ஊரின் புகழ்பெற்ற ஆட்டுப் பாலாடைக் கட்டியில் இவர்களுடைய உழைப்பும் கலந்திருக்கின்றது.

இதில் ஒரு விந்தையைக் காண்கின்றோம். அக்காலத்தில் இத்தாலி முழுவதும் சாலைகளுக்குத் தார் பூசப்பட்டு வந்தது. பெருஞ்சாலைகள் முதலில், சிறு சாலைகள் பின்னர் என்பது எங்கும் உள்ள வரிசைதானே! ஆனால் இம்மலைச் சாலைகளின் முறை வந்தபோது, அவற்றைப் பயன்படுத்த மக்கள் இல்லை. ஆளில்லாத ஊருக்கு யார் தார் போடுவார்? வெள்ளைச் சாலைகள் பிழைத்ததற்கு முதற் காரணம் எவருடைய முன்யோசனையும் அன்று, புறக்கணிப்பேயாகும்.

ஓர் ஊரின் துணிவு

ஆயினும் புறக்கணிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1960-களிலிருந்து ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் சுவிட்சர்லாந்து நாட்டவரும் பாழ்பட்ட கல் வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கினர். கியாந்தி மதுவின் மதிப்பு உயர்ந்தது. தோட்டங்களுக்குள் லாரிகள் வந்தன. வண்டிகள் மிகுந்தபோது தாரும் கிட்ட வந்தது. ஒவ்வோர் ஆண்டும் சில கிலோமீட்டர் வெள்ளைச் சாலை கறுப்பாயிற்று.

இந்நிலையில், கயோலே என்னும் சிற்றூரில் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் ஒரு யோசனையை மேற்கொண்டார். சைக்கிள் பந்தய வரலாற்றில் பேரார்வம் உடையவர் இவர். ஜீனோ பார்த்தாலி, பாவுஸ்டோ கோப்பி ஆகிய வீரர்கள் இத்தாலிய மக்களின் உள்ளத்தில் குடிகொண்டிருந்த காலத்தில், பந்தயங்கள் இத்தகைய புழுதிச் சாலைகளிலேயே நடைபெற்றன. அச்சாலைகள் அழிந்தால் அந்த வரலாறு கண்ணால் காணக்கூடியதாக இராது. சாலைகளைக் காக்க வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு பயன் இருக்க வேண்டும். இவ்வெண்ணத்தின் விளைவாக 1997-ஆம் ஆண்டில் ‘எரோயிகா’ என்னும் சைக்கிள் பயணம் கயோலேயில் தொடங்கியது. எரோயிகா என்றால் வீரம் பொருந்தியது என்று பொருள். முதலாண்டில் கலந்துகொண்டோர் 92 பேர். பிற்காலத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்த ஆண்டுகளும் உண்டு. ஊரின் ஜனத்தொகையோ மூவாயிரத்துக்கும் குறைவு!

இது பந்தயம் அன்று என்பதை இங்கே வலியுறுத்த வேண்டும். முதலில் வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அக்டோபர் மாதம் முதல் ஞாயிறன்று நடைபெறும் இப்பயணத்தில் பங்கு கொள்ள விரும்புவோர் 1987-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பந்தய சைக்கிளையே கொண்டுவர வேண்டும். பல்சக்கரம் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பிகள் கைப்பிடிக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். மிதிகட்டையில் பாதத்தைப் பிணைக்கத் தோல்வார் வேண்டும். உடையும் அக்காலத்துக் கம்பளிச் சட்டையாக இருப்பது வழக்கம். இவையெல்லாம் வேடிக்கைக்காக வகுத்த விதிகள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இவ்விதிகளின் பயனாகப் பரணில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்கள் வெளிவந்தன. அவற்றைச் செப்பனிடத் தெரிந்த முதிய தொழிலாளர்களுக்கு மீண்டும் வேலை கிடைத்தது.

வழியோடு ஒரு நாள்

நெடும்பாதை ஏறத்தாழ 209 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் பாதிக்கு மேல் வெள்ளைச் சாலை. இதைவிடக் குறுகிய பாதைகளும் உள்ளன. இப்பாதையில் நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நாட்டப்பட்டிருப்பதால், பயண நாளன்றியும் எவரும் எந்த மாதத்திலும் தம் விருப்பம்போல் செல்லலாம். நாமும் அப்பலகைகளைப் பின்பற்றி மனத்தால் ஒருமுறை சுற்றி வருவோம்.

கயோலே பள்ளத்தாக்கில் உள்ள பழைய சந்தை ஊர். அங்கிருந்து தெற்கே சென்றால் ப்ரோலியோக் கோட்டை. 1141-ஆம் ஆண்டு முதல் இது ரிகாசோலி குடும்பத்தின் வசம் இருந்து வருகின்றது. ஐக்கிய இத்தாலியின் இரண்டாவது பிரதம மந்திரியான பெத்தீனோ ரிகாசோலி இக்குடும்பத்தவர். கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலையின் இருபுறமும் ஊசிபோல் உயர்ந்த சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. எரோயிகா நாளன்று நெடும்பாதை செல்வோர் சூரியோதயத்துக்கு முன்பே புறப்படுவதால், இந்த ஏற்றத்தில் வழியோரமாக விளக்குகளை ஏற்றி வைப்பர்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லிச் செல்வது பொருந்தும். சியேனாவும் பிளாரென்சும் கியாந்திக்காக ஓயாது சண்டையிட்ட காலத்தில், எல்லையைத் தீர்மானிக்க ஓர் உடன்பாடு செய்துகொண்டனவாம். சேவல் கூவியதும் இரு நகரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்படுவது. இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. சியேனாக்காரர் தம் வெள்ளைச் சேவலுக்கு நன்றாக இரை போட்டனர். அது நிம்மதியாக உறங்கிற்று. பிளாரென்சுக்காரர் தம் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டனர். அது பசி தாளாமல் விடியுமுன்னரே கூவிற்று. எனவே கியாந்தியின் பெரும்பகுதி பிளாரென்சுக்குப் போயிற்று. இது வரலாறன்று, கதையே. ஆயினும் கியாந்தி கிளாசிக்கோ மதுப் புட்டிகளின் மீது கறுப்புச் சேவல் இன்றும் நிற்கின்றது. எல்லைச் சண்டையின் உண்மையான அடையாளங்கள் குன்றுக்குக் குன்று நிற்கும் கோட்டைகளே.

சியேனாவின் புறத்தே சென்று தெற்கே இறங்கினால் திராட்சை குறைந்து கோதுமை மிகுகின்றது. கோட்டைச் சுவர் சூழ்ந்த புவொன்கொன்வென்டோ என்னும் ஊர் இப்பக்கத்தில்தான் உள்ளது. 1313-ஆம் ஆண்டில் ஏழாம் ஹென்றிச் சக்கரவர்த்தி காலமான இடம் அது. இங்கே நம் பாதை மற்றொரு மிகப் பழைய பாதையைச் சந்திக்கின்றது. கான்டர்பரியிலிருந்து ரோமாபுரிக்குச் சென்ற யாத்திரிகர் வழிதான் அது. 990-ஆம் ஆண்டளவில் சிகெரிக் என்னும் கான்டர்பரித் தலைமைக் குருவானவர் ரோமிலிருந்து திரும்பும்போது தாம் தங்கிய 79 இடங்களை வரிசையாகக் குறித்து வைத்தார். அக்குறிப்பைக் கொண்டே இன்று அவ்வழியை மீட்டெடுத்து நடைப் பயணிகளுக்குத் திறந்திருக்கின்றனர். ஐரோப்பியக் கவுன்சில் 1994-ஆம் ஆண்டில் அதனைப் பண்பாட்டு வழியாக ஏற்றுக்கொண்டது.

பிறகு மொன்டால்சினோவுக்கு நீண்ட ஏற்றம். 1555-இல் சியேனா நகர் பகைவரிடம் வீழ்ந்த பின், அதன் குடியரசு நான்காண்டுகள் இம்மலையூரில் தஞ்சம் புகுந்திருந்தது. மலையின் மீதிருந்து பார்த்தால் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த நிலப்பகுதி அது. வடக்கே திரும்பி அஷானோ என்னும் ஊரைக் கடந்ததும், இப்பாதையின் மிகக் கடினமான பகுதியாகிய மொன்தே சாந்தே மரியே வருகின்றது. சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் தாரே இல்லை, நிழலும் இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாகக் களிமண் மேட்டின் முதுகிலேயே சாலை செல்கின்றது. மழை பெய்துவிட்டாலோ, களிமண் சக்கரத்திலும் பிரேக்கிலும் அப்பிச் சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் சுமப்பதைத் தவிர வேறு வழியில்லை. பண்டைக் குடியானவர் எதற்காக முகட்டில் சாலை வைத்தார் என்பதைச் சில நிமிடங்களில் உணர்ந்துகொள்ளலாம்.

2007-ஆம் ஆண்டு முதல் தொழில்முறை வீரர்களுக்கும் இச்சாலைகளில் ஒரு பந்தயம் நடந்து வருகின்றது. அதன் பெயரே ‘ஸ்திராதே பியாங்கே’. இப்போது மார்ச்சு மாதத்தில் நடக்கும் அது சியேனாவின் மத்திய சதுக்கத்தில் முடிவடைகின்றது. 2015-ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கும் நடைபெறுகின்றது. மும்முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் பேபியன் கான்செல்லாராவின் பெயரை, நாம் மேலே கூறிய களிமண் மேட்டுப் பகுதிக்கு இட்டிருக்கின்றனர்.

வழியில் உணவு தரும் இடங்களைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. ராதி, அஷானோ, காஸ்டெல்நுவோவோ பெரார்தெங்கா முதலிய ஊர்களில் ஊரார் மேசை போட்டு உணவு பரிமாறுகின்றனர். ‘ரிபோல்லீதா’ என்னும் சூப்பு அதில் முக்கியமானது. முதல்நாள் மீந்த காய்கறிக் குழம்பில் காய்ந்த ரொட்டியையும் வெள்ளை அவரையையும் கருங்கீரையையும் இட்டு மறுபடியும் கொதிக்க வைப்பது. மறுபடி கொதித்தது என்பதே அதன் பெயரின் பொருள். ஏழைக் குடியானவர் வீட்டு உணவாகிய இதை, பெரு விலையுள்ள சைக்கிளில் வந்த கனவான்கள் வரிசையில் நின்று வாங்கி உண்கின்றனர். டஸ்கனி ரொட்டியில் உப்பே இராது. புதிதாக வருவோருக்கு அது சப்பென்றிருக்கும். எண்ணெய் தோய்த்து உப்புத் தூவினால் ருசி தெரியும்.

சாலையைப் பேணும் முறை

கப்பிச் சாலை தானாக நிலைத்திராது. இதை அறியாத பயணிகள், ‘தார் போடாமல் விட்டால் செலவு மிச்சந்தானே’ என்று எண்ணுகின்றனர். உண்மை வேறு. சாலையின் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருந்தால்தான் மழைநீர் இருபக்கமும் வழிந்தோடும். ஓரக் கால்வாய் தூர்ந்துவிட்டால் நீர் சாலையையே கால்வாயாக்கிக்கொள்ளும். செங்குத்தான இடங்களில் குறுக்கே கல் பதித்து நீரை வெளியே திருப்ப வேண்டும். பரப்பும் கல்லும் ஒரே அளவாக இருத்தலாகாது. பெருங்கல், சிறுகல், அவற்றைப் பிணைக்கும் பொடி ஆகிய மூன்றும் தக்க அளவில் கலந்திருக்க வேண்டும். பொடி மிகுந்தால் சேறு. குறைந்தால் கல் உருண்டோடும். ஒவ்வொரு வண்டியும் இப்பொடியைப் புழுதியாகக் கிளப்பிக் காற்றில் விடுவதால், இழந்ததை அவ்வப்போது ஈடுசெய்ய வேண்டும். வண்டிகள் விரையும் இடங்களில் சலவைப் பலகைபோல் குறுக்கு வரிகள் தோன்றும். ஒரு முறை தோன்றினால் அவ்வரிகள் ஒவ்வொரு வண்டியாலும் வளருமேயன்றிக் குறையா.

இவ்வேலைக்கு யார் பொறுப்பு என்பதில் இத்தாலியர் கண்டுள்ள ஏற்பாடு நம் வாசகர்களின் கவனத்துக்குரியது. மாகாணச் சாலை, ஊராட்சிச் சாலை என்பவற்றோடு, பக்கத்து நிலக்காரர்களுக்கு உரிமையான ‘அண்டைச் சாலை’ என்ற வகையும் சட்டத்தில் உண்டு. அதைப் பொதுமக்களும் பயன்படுத்துவதாயின், நிலக்காரர்கள் ஒரு சங்கமாகக் கூடிப் பராமரிக்க வேண்டும். ஊராட்சியும் செலவில் பங்கு தர வேண்டும். 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பங்கு ஐந்தில் ஒன்று முதல் பாதி வரை ஆகலாம். 1958-ஆம் ஆண்டில் இயற்றிய மற்றொரு சட்டம் இச்சங்கத்தைக் கட்டாயமாக்கியது. காகிதத்தில் இது சிறந்த ஏற்பாடு. நடைமுறையில், சங்கத்தின் வலிமை அதிலுள்ள குடும்பங்களின் வலிமையே. இருபது குடும்பங்கள் பகிர்ந்த செலவை, கோடையில் மட்டும் வந்து தங்கும் மூன்று வீட்டுக்காரர்கள் பகிர்வது எப்படி?

இனி, எதிர்க்கட்சியின் வழக்கையும் கேட்பது நியாயம். சாலையோர வீட்டில் ஆண்டு முழுவதும் வாழ்பவருக்குப் புழுதி ஓர் அழகன்று. உலர்த்திய துணியின் மீதும் திராட்சைக் குலையின் மீதும் அது படிகின்றது. மருத்துவ வண்டி தாமதமாகின்றது. காரின் அடிப்பாகம் விரைவில் தேய்கின்றது. ‘எங்கள் சிரமத்தை நீங்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறீர்கள்’ என்று அவர் குறைப்பட்டால், விடை கூறுவது எளிதன்று. வீடுகளின் முன்னால் மட்டும் சிறிது தூரம் தார் பூசி மற்றப் பகுதியைக் கப்பியாகவே விடுவதும், சில இடங்களில் வெளிர்நிறக் கல்லோடு பிணைப்புப் பொருள் சேர்த்துப் புழுதி எழாமல் செய்வதும் சமரச வழிகள். இரண்டாவது முறையில் செலவு கூடுகின்றது. சாலையும் முற்றிலும் பழைய சாலையாக இருப்பதில்லை. ஆயினும் அங்கே வாழ்வோரை விரட்டிவிட்டுச் சாலையைக் காப்பதைவிட அது மேல் என்றே நாம் கருதுகின்றோம்.

நிலத் தோற்றத்தைக் காப்பது அரசின் கடமை என்று 1948-இல் நடப்புக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் விதி கூறுகின்றது. 2015-இல் டஸ்கனி மாநிலம் இதற்கென விரிவான திட்டம் ஒன்றையும் ஏற்றுக்கொண்டது. எனினும் சட்டத்தைவிட மிகுதியாகச் சாலையைக் காப்பது வருமானமே என்பது எம் எண்ணம். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவர்கள் தம் பண்ணை வீட்டிலேயே விருந்தினரைக் காசு பெற்றுத் தங்கவைக்க வழி வகுத்தது. அதில் ஒரு முக்கிய நிபந்தனை உண்டு: விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாக மட்டுமே இருக்கலாம். சைக்கிள் பயணிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருபவர்கள். கோடைக் கூட்டம் இல்லாத மாதங்களில் அறைகள் நிரம்புகின்றன. எண்ணெயும் பாலாடைக் கட்டியும் பண்ணையிலேயே விலை போகின்றன. ஆனால் வீட்டு விலை ஏறிவிட்டமையால், உள்ளூர் இளைஞர் தம் பாட்டனார் வார விவசாயம் செய்த வீட்டை வாங்க முடிவதில்லை. இக்குறைக்குச் சைக்கிளும் மருந்தன்று.

புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள்

பழைய பந்தய சைக்கிள் எரோயிகா நாளுக்கு மட்டுமே கட்டாயம். மற்ற நாட்களில் செல்வோர் பெரும்பாலும் கப்பிச் சாலைக்கென்றே இப்போது செய்யப்படும் சைக்கிளில் செல்கின்றனர். பந்தய சைக்கிள்போல் வளைந்த கைப்பிடி இதற்கு உண்டு. ஆனால் டயர் 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமாக இருக்கும். அகன்ற டயரில் காற்றைக் குறைவாக அடைக்கலாம். குறைந்த காற்றுள்ள டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதைத் தழுவிச் செல்லும். ஆகவே பிடிப்பு மிகும், கையின் வலி குறையும். ட்யூப் இல்லாத டயருக்குள் ரப்பர்ப் பால் போன்ற திரவத்தை ஊற்றிவிட்டால், முள் குத்திய சிறு துளையை அதுவே அடைத்துக்கொள்ளும். ஏற்றத்துக்குச் சிறிய முன்சக்கரப் பல் வேண்டும். இறக்கத்தில் முன் பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து, வளைவில் விட்டுவிட வேண்டும். கப்பியின் மீது திரும்பும்போது பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும்.

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் மாதமும், அக்டோபரின் முற்பாதியும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் களிமண் நாட்டில் வெயில் கொடியது. குடிநீர்க் குழாய்கள் ஊர்களில் மட்டுமே உண்டு. அஷானோவில் புட்டியை நிரப்பாமல் மேட்டில் ஏறலாகாது. விதைத்த வயலின் குறுக்கே செல்லுதல் கூடாது. மூடியிருந்த வாயிலைத் திறந்து சென்றால் மீண்டும் மூடிவிட்டே போக வேண்டும். ஆட்டு மந்தை தென்பட்டால், அதனோடு வெண்ணிறக் காவல் நாய்கள் இருக்கும் என்று அறிக. ஓநாய்களை எதிர்க்கப் பழகிய நாய்கள் அவை. விரைந்து வரும் சைக்கிளை அவை விரும்புவதில்லை. இறங்கி, சைக்கிளைத் தமக்கும் நாய்க்கும் இடையே வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து செல்ல வேண்டும். சிறிது தூரம் குரைத்துக்கொண்டு பின்வந்து, ஆடுகள் இருக்குமிடத்துக்கே அவை திரும்பிப் போய்விடும்.